சவரக் கருவியில் காலத்தின் சுவடு

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் அல்ல. ஆடவர் நாள்தோறும் முகம் மழித்த சிறு கருவியும் ஒரு காலத்தின் சான்றே. ஆயினும் அக்கருவி தன்மேல் தாங்கி நிற்கும் ஆண்டு, அது பிறந்த ஆண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய சேப்டி ரேசர்களைத் திரட்டுவோர் முதற்கண் அறியத்தக்க உண்மை இதுவாகும்.

பாதுகாப்பான சவரம் என்னும் எண்ணம் மிகப் பழையது. பிரான்சு நாட்டின் ழான் ழாக் பெரே, 1769-இல் வெளிவந்த தம் நூலில், கத்தியின் விளிம்புக்குக் காப்பிடும் முறையை விளக்கினார். அமெரிக்காவில் காம்ப்பே உடன்பிறந்தார் 1880-இல் பெற்ற காப்புரிமையின் வழியே ‘ஸ்டார்’ ரேசர் உருவாயிற்று. எனினும் அதன் அலகை மீண்டும் மீண்டும் தீட்ட வேண்டியிருந்தது. தீட்டாமல் தூக்கியெறியத்தக்க மெல்லிய பிளேடு என்னும் கருத்து, விற்பனையாளராக இருந்த கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895-இல் தோன்றியது. அத்தகைய மெல்லிய எஃகைப் பதப்படுத்திக் கூர்மையாக்கும் வழியைக் கண்டு அக்கருத்துக்கு உருக்கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். 1901-இல் பாஸ்டனில் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1903-இல் விற்றவை 51 ரேசர்களே. அடுத்த ஆண்டிலோ 90,000-க்கும் மேல். 1904 நவம்பர் 15 அன்று காப்புரிமை வழங்கப்பட்டது.

இந்நாளே திரட்டுவோரை மயக்குவது. ‘காப்புரிமை 1904 நவம்பர் 15’ என்னும் பொறிப்பைக் கண்டவுடன், கைக்கு வந்த ரேசர் 1904-இல் செய்யப்பட்டது என்று முடிவு கட்டுவோர் பலர். உண்மையில் அப்பொறிப்பு உரிமையின் நாளையே குறிக்கும், செய்ந்நாளைக் குறிக்காது. பத்தாண்டுக்குப் பின் செய்யப்பட்ட ரேசர்களும் அந்நாளையே தாங்கி வந்தன. நூலின் காலத்தை அதன் முகப்புச் செய்தியால் மட்டும் துணியாமல், அகச்சான்றுகளைத் தேடுவது போலவே இங்கும் வடிவத்தை நோக்குதல் வேண்டும்.

முதற்காலக் கைப்பிடிகளில் இரண்டு வளையங்கள் காணப்படும். பின்னர் ஒற்றை வளையம் வந்தது. 1920-களின் இறுதி வரை பெரும்பாலான ரேசர்களில் வரிசை எண் பொறிக்கப்பட்டது. 1921-இல் வந்த ‘நியூ இம்ப்ரூவ்டு’ வகையில் காப்புத் தட்டு பள்ளமிட்டுத் தடிப்பாக அமைந்தது. பிளேடும் சான்று பகரும். தொடக்கத்தில் அதில் மூன்று துளைகள் இருந்தன. 1930 முதல் நடுவில் நீள்பிளவு இடம்பெற்றது. எனவே தலைப்பகுதியில் பிளேடைத் தாங்கும் முனைகளின் அமைப்பே காலத்தை உரைக்கும். அடிக்குமிழைத் திருகினால் இரட்டைக் கதவு போல் திறக்கும் ‘அரிஸ்டோகிராட்’ 1934-இலும், சீப்புப் பற்கள் நீங்கி முழுத்தண்டுக் காப்புடைய ‘டெக்’ 1930-களின் இறுதியிலும் தோன்றின. 1950-களில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட குறியீடு தலைத்தட்டின் அடியில் இடம்பெற்றது. எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் சுட்டும். ‘இசட்’ 1954, ‘ஏ’ 1955, ‘எஃப் 1’ எனில் 1960-இன் முதற் காலாண்டு.

சுவடிகளில் இடைச்செருகல் உண்டாவது போல ரேசர்களிலும் உண்டு. ஒன்றன் தலையும் மற்றொன்றன் கைப்பிடியும் இணைந்து ‘பழமை’ எனச் சந்தைக்கு வரும். பித்தளை உடல்மேல் புதிய முலாம் பூசி மெருகேற்றுவோரும் உளர். கண்ணுக்கு இனிய அம்மெருகு, தேய்ந்த எழுத்தை மேலும் மறைத்துச் சான்றையே அழித்துவிடும். காலம் காண விழைவோர் துலக்குவதற்கு முன் படித்தல் நன்று.

காலத்தைச் சரியாகக் காண்பதால் பயன் என்ன என வினவலாம். ‘ரேசரை மலிவாகக் கொடுத்துப் பிளேடில் பொருளீட்டினார் ஜில்லெட்’ என்னும் கதை வணிக உலகில் பரவலாக வழங்கி வருகிறது. காப்புரிமை நிலவிய காலத்து ரேசரின் விலையோ ஐந்து டாலர். அன்றைய உழைப்பாளியின் வார வருவாயில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. 1918-இல் அமெரிக்க அரசு படைவீரர்க்கென 35 லட்சம் ரேசர்களை வாங்கியதால் இப்பழக்கம் பரவியது, இலவசத்தால் அன்று. 1921-இல் காப்புரிமை முடிந்து போட்டி நெருங்கிய பின்னரே, பழைய வகை ஒரு டாலருக்குக் கிடைத்தது. புதிய வகையின் விலை ஐந்து டாலராகவே நின்றது. 1904-ஐயும் 1921-ஐயும் பிரித்தறியாதவர்க்கு அக்கதை மெய்யாகவே தோன்றும். பிரித்தறிந்தவர்க்கு, பின்னாளில் நேர்ந்ததைத் தொடக்கத்தின் திட்டமாக்கிய புனைவு அது என்பது தெளிவாகும்.

பிளேடு உறைகளில் உலகெங்கும் முகம் காட்டிய ஜில்லெட், பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து 1932-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய ரேசர்கள் இன்றும் கைமாறி வருகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் இரண்டு செய்திகளை உரைக்கிறது: ஒன்று பொறித்தது, மற்றொன்று வடிவம் சொல்வது. இரண்டும் முரண்படும்போது வடிவத்தின் சொல்லுக்குச் செவிகொடுப்பதே ஆய்வுநெறி.