கம்ப்யூட்டர் திரையில் நடப்பதை வீடியோவாக பதிவு செய்வது எப்படி? அது எப்போது ஆதாரமாகும்?

ஆன்லைனில் கட்டணம் கட்டுகிறீர்கள். வங்கிக் கணக்கில் இருந்து பணம் போய்விடுகிறது. ஆனால் திரையில் பணம் செலுத்தப்படவில்லை என்று வருகிறது. பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் அந்த அறிவிப்பும் காணாமல் போய்விடும். கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "எங்க சிஸ்டத்துல அப்படி எதுவும் காட்டலையே" என்பார்கள். இதுபோன்ற நேரங்களில், நடந்ததை முதலில் இருந்து காட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் கைகொடுக்கும். இதற்காக காசு கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் எப்படி?

விண்டோஸ் 11-ல் 'ஸ்னிப்பிங் டூல்' என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் கீ, ஷிப்ட், ஆர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு செய்யும் வசதி திறக்கும். திரையில் எந்தப் பகுதி வேண்டுமோ அதை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் போதும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், 'எக்ஸ்பாக்ஸ் கேம் பார்' வசதியைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் கீ, ஆல்ட், ஆர் மூன்றையும் அழுத்தினால் பதிவு தொடங்கும். திரும்ப அழுத்தினால் நின்றுவிடும். வீடியோஸ் ஃபோல்டருக்குள் 'கேப்சர்ஸ்' என்ற இடத்தில் வீடியோ இருக்கும். ஆனால் இது பிரவுசர் போன்ற ஏதாவது ஒரு விண்டோவை மட்டுமே பதிவு செய்யும். டெஸ்க்டாப்பை பதிவு செய்யாது.

மேக் கம்ப்யூட்டரில்?

ஷிப்ட், கமாண்ட், 5 ஆகியவற்றை சேர்த்து அழுத்த வேண்டும். 2018-ல் வந்த மொஜாவே பதிப்பில் இருந்து இந்த வசதி உள்ளது. முழுத் திரையா, ஒரு பகுதி மட்டுமா என்று தேர்வு செய்துகொள்ளலாம். நீங்கள் வேறு இடத்தை மாற்றி வைக்காவிட்டால், வீடியோ டெஸ்க்டாப்பிலேயே சேமிக்கப்படும்.

நீண்ட நேரம் பதிவு செய்ய வேண்டியவர்கள், இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டூடியோவை பயன்படுத்தலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது இயங்கும்.

ஆதாரமாக வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்?

பிரச்சினை வந்த பிறகு பதிவைத் தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். பெரிய தொகை கட்டும் முன்பே பதிவை ஆன் செய்துவிடுவது நல்லது. இணையதள முகவரி, தேதி, நேரம் ஆகியவை வீடியோவில் தெரிய வேண்டும். அதனால் கடிகாரம் இருக்கும் டாஸ்க்பாரையும் சேர்த்து முழுத் திரையையும் பதிவு செய்யுங்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு முக்கியமாகிறது. மின்னணு ஆதாரத்துடன் ஒரு சான்றிதழும் தர வேண்டும் என்கிறது இந்தப் பிரிவு. அதில் கோப்பின் 'ஹேஷ் வேல்யூ'வையும் குறிப்பிட வேண்டும். இது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி. வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலும், அது சுருக்கப்படுவதால் மாறும். அதனால் ஒரிஜினல் கோப்பை எடிட் செய்யாமல் அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். மற்றவர்களுக்கு அனுப்ப நகல் எடுத்துக்கொள்ளலாம்.

பண மோசடி என்றால் வீடியோ எடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் தரலாம்.

எதில் கவனம் தேவை?

பதிவு ஓடும்போது திரையில் வரும் எல்லாமே வீடியோவில் விழும். வங்கிக் கணக்கு எண், கார்டு விவரம், மூலையில் எட்டிப்பார்க்கும் மெசேஜ் என எதுவும் தப்பாது. நோட்டிஃபிகேஷன்களை முன்பே ஆஃப் செய்துவிடுங்கள். அந்த வீடியோவை சமூக வலைத்தளத்தில் போடுவதாக இருந்தால், நகலில் இந்த விவரங்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். ஆன்லைன் மீட்டிங்கை பதிவு செய்வதாக இருந்தால், மற்றவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதே முறை.

சில ஓடிடி தளங்களில் படத்தை பதிவு செய்தால் வெறும் கருப்புத் திரைதான் கிடைக்கும். கம்ப்யூட்டரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். காப்புரிமைக்காக அந்தத் தளங்கள் போட்டிருக்கும் பூட்டு அது.

மற்றவர்கள் உங்கள் திரையைப் பார்க்க முடியுமா?

ஒரு இணையதளம் உங்கள் திரையைப் பார்க்க வேண்டும் என்றால், பிரவுசர் முதலில் உங்களிடம் அனுமதி கேட்கும். ஒரு டேப் மட்டுமா, முழுத் திரையுமா என்பதை நீங்கள்தான் தேர்வு செய்ய வேண்டும். மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் இந்த அனுமதியைத்தான். "ரீஃபண்ட் அனுப்புறோம், ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க" என்று யாராவது போனில் சொன்னால், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். திரையைக் காட்டிய பிறகு வரும் ஓடிபி உங்களுக்குத் தெரியும்போதே அவர்களுக்கும் தெரிந்துவிடும்.