உமி, ஆவாரை, உருக்கு... ஒரு வரிக்கதை

நண்பர் ஒருத்தர் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறார். துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வாங்கி, வெட்டி, தேய்த்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றுகிற ஆள். போன மாதம் ஒரு கத்தியைக் காட்டினார். பளபளப்புக்கு நடுவே மெல்லிய வரி வரியாக, காவிரி மணல்ல தண்ணி வடிஞ்ச தடம் மாதிரி ஏதோ தெரிந்தது. "எவ்வளவு தேய்ச்சாலும் போகலைங்க. சரக்கே மட்டமா?" என்றார்.

மட்டமெல்லாம் இல்லை. கத்திக்கான துருப்பிடிக்காத எஃகில், உதாரணமாக 440சி வகையில், சுமார் 1 சதவீதம் கரிமமும் 16 முதல் 18 சதவீதம் குரோமியமும் இருக்கும். குழம்பு உறையும்போதே இரண்டும் சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துகள்களாகிவிடும். பட்டையாக உருட்டும்போது அந்தத் துகள்கள் வரிசை வரிசையாக இழுபடும். மெருகேற்றும்போது சுற்றியிருக்கிற மெத்தென்ற உலோகம் தேய்ந்து போக, துகள் வரிசை தலைதூக்கி நிற்கும். அதுதான் வரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் போக்க நினைக்கிற இந்த வரிக்காகத்தான் ஒரு காலத்தில் உலகமே நம்ம ஊர் எஃகைத் தேடி வந்தது!

டமாஸ்கஸ் வாள் என்று பெயர் வாங்கிய வரியோடிய வாள்களின் மூலப்பொருள் தென்னிந்திய உருக்கு. வெள்ளைக்காரன் வாயில் அது 'வூட்ஸ்' ஆனது ('உக்கு' என்ற கன்னட, தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து). ஈரோடு பக்கம் கொடுமணலிலும், பழைய தென்னாற்காட்டின் மேல்சிறுவளூரிலும் மூசையில் உருக்கு காய்ச்சிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

செய்முறையைக் கேளுங்கள். களிமண்ணோடு உமி கலந்து மூசை பிடிப்பார்கள். உள்ளே இரும்புத் துண்டு, அதோடு ஆவாரைக் குச்சி, மேலே எருக்க இலை. வாயைக் களிமண்ணால் பூசி உலையில் வைத்து ஊதினால், கரிமம் இரும்பில் ஏறி உருகும். பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் துரை 1830-களில் இதை வியந்து எழுதியிருக்கிறார். நெல்லு குத்தின உமியும் வேலியோர ஆவாரையும்... செலவே இல்லாத சரக்கு பாருங்க!

தஞ்சைக் கதை கொஞ்சம் வேறு. டெல்டா முழுக்க வண்டல். நெல் விளையும், இரும்பு விளையாது. ஆனால் அரண்மனையில் பெரிய ஆயுதசாலை இருந்தது. மராட்டிய அரசு 1855-ல் முடிந்தபின் அது கலைந்து போனது. ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் அந்தக் கட்டாரிகளைப் பாருங்கள், பிடியில் யாளியும் கொடியுமாக அப்படி ஒரு வேலைப்பாடு. இன்னொரு விஷயம்: தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் பிடிதான் நம்மது, அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. உலகத்துக்கே உருக்கு அனுப்பின தெற்கு, அலகை வெளியிலிருந்தும் வாங்கியிருக்கிறது. 'எல்லாம் நம்மகிட்டேர்ந்துதான் போச்சு' என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது :)

சரி, அந்த வரியின் ரகசியம்? கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியோடு சேர்ந்து 1819 முதல் சில வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். அலுமினியம்தான் காரணம் என்று நினைத்தார். இல்லை. 1998-ல் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து விடை சொன்னார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வனேடியம் போன்ற கலப்பு போதும். திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கார்பைடு துகள்கள் தானாக வரிசை கட்டும்.

கலை ஏன் அழிந்தது என்பதற்கும் அவர்கள் ஒரு ஊகம் சொல்கிறார்கள். தாது வந்த இடம் மாறியிருக்கலாம். அதே உலை, அதே கை, அதே அடி. வரி மட்டும் வரவில்லை. அப்பாவிடம் கற்றதை அட்சரம் பிசகாமல் செய்தும் வாள் வெறுமையாக வந்தால் அந்தக் கொல்லர் யாரைக் குறை சொல்லியிருப்பார்? தன் கையைத்தானே?

2006-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 17-ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கரிம நானோ குழாய்கள் இருப்பதாக எழுதினார்கள். உடனே 'முன்னோர்கள் நானோ தொழில்நுட்பம் தெரிந்தவர்கள்' என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களுக்கு வனேடியமும் தெரியாது, நானோவும் தெரியாது. நெருப்பின் நிறம் பார்த்து எப்போது நிறுத்துவது, எவ்வளவு அடிப்பது என்று தெரிந்திருந்தது. அந்த அறிவுக்குப் புத்தகம் இல்லை, ஆள்தான் இருந்தார். ஆளை விட்டுவிட்டு வாளை மட்டும் கொண்டாடினால், அதுவும் ஒருவகையில் அவரை மறப்பதுதான்.

திருப்பாச்சேத்தி அரிவாளோ, அறுப்புக்குக் கருக்கரிவாளோ வாங்கும்போது, அடித்துக் கொடுக்கிறவரிடம் இரண்டு நிமிஷம் நின்று பேசுங்கள். எழுதி வைக்க வேண்டியது அங்கேதான் இன்னும் மிச்சமிருக்கிறது.