வகீலும் வாலிபரும்: மலேசியாவின் இரு திடீர்த் தேர்தல்கள்

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632. ஷாம் எல்லையை நோக்கிப் புறப்படவிருந்த படைக்கு உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தளபதியாக நியமித்தார்கள். உஸாமா இருபது வயதைக்கூடத் தாண்டாத வாலிபர். உமர் (ரலி) போன்ற மூத்த தோழர்கள் அப்படையில் சாதாரண வீரர்களாக இருந்தனர். இளவயதினர் தலைமை ஏற்பதா என்ற முணுமுணுப்பு எழுந்தபோது, முன்பு அவருடைய தந்தையின் தலைமையையும் இவ்வாறே குறை கூறியவர்கள் இருந்ததைச் சுட்டிக்காட்டி, இருவரும் தகுதி உடையவர்களே என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். படை புறப்படுமுன் நபியவர்களின் மறைவு நேர்ந்தது. அரபுக் குலங்கள் பல விலகி நின்றன. மதீனாவின் பாதுகாப்பே கேள்விக்குள்ளானது. அந்நெருக்கடியில், வயதில் மூத்த ஒருவரைத் தளபதியாக்குமாறு அன்ஸாரிகள் உமர் (ரலி) வழியாகக் கோரினர். கலீஃபா அபூபக்கர் (ரலி) அதை ஏற்கவில்லை. உஸாமாவைக் குதிரைமீது அமரவைத்துத் தாம் நடந்தே சென்று வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்முடன் நிறுத்திக்கொள்ள விரும்பியபோது, அதற்கும் அந்த இளந்தளபதியிடமே அனுமதி கேட்டார்கள்.

இந்நிகழ்ச்சியை இளைஞர் சிறப்புக்குச் சான்றாக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. "இப்போது நெருக்கடிக் காலம், இளையவர்க்கு இடம் தருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாதம் மிக வலுவாக இருந்த நாளில், அவ்வாதம் நிராகரிக்கப்பட்டது என்பதே அது. தந்த பொறுப்பு பெயரளவில் இருக்கவில்லை. கலீஃபாவே அதனிடம் அனுமதி கேட்கும் அளவுக்கு மெய்யாக இருந்தது.

இக்கால அரசியலில் இத்தகைய நெருக்கடி நாள் ஒன்று உண்டு. பதவிக்காலம் முடியுமுன் மன்றம் கலைக்கப்பட்டுத் திடீரெனத் தேர்தல் அறிவிக்கப்படும் நாளே அது. கட்சிக்குள் இளம் உறுப்பினர்களின் பிரதிநிதி உண்மையில் யாருக்காகப் பேசுகிறார் என்பது அன்று வெளிப்பட்டுவிடுகிறது. இதற்கு மலேசியாவின் வரலாறு, நாற்பது ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு தேர்தல்களின் வடிவில், தெளிவான பாடம் ஒன்றைத் தருகிறது.

மலாய் மொழியில் மக்கள் பிரதிநிதியை 'வகீல் ரக்யாத்' என்பர். நம் ஊரில் நீதிமன்றத்தில் வாதாடுபவரை வக்கீல் என்கிறோமே, அதே அரபுச் சொல்தான். ஃபிக்ஹு நூல்களில் வகாலத் என்பது தனிப் பாடம். வகீல் என்பவர் தம்மை நியமித்தவர் அளித்த அதிகாரத்தின் எல்லைக்குள், அவருடைய நலனுக்காகச் செயல்படக் கடமைப்பட்டவர். நியமித்தவர் அவரை நீக்கவும் உரிமை உடையவர். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

வளாகக் கதவு அடைபட்ட காலம்

1957இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, வாக்குரிமைக்கு 21 வயதை வரையறுத்தது. அம்னோ கட்சியிலோ 18 வயதில் உறுப்பினராகலாம். 40 வயதை எட்டும்வரை இளைஞர் அணியில் இருக்கலாம். ஆகவே ஒருவர் நாட்டின் வாக்காளராவதற்கு மூன்றாண்டு முன்பே கட்சியின் தொண்டராகிவிட இயலும். அவர் கொடி பிடிக்கலாம், சுவரொட்டி ஒட்டலாம், வாக்களிக்க இயலாது. இருபது வயதினரின் குரலைத் தலைமைக்கு எடுத்துச் செல்பவரோ பெரும்பாலும் முப்பதைக் கடந்தவர்.

பல்கலைக்கழக மாணவர்க்கு அந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1974இல் கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்து ரப்பர் விவசாயிகளின் வறுமையை முன்வைத்து மாணவர்கள் பெருந்திரளாகப் போராடியபின், 1975இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. மாணவர்கள் எந்தக் கட்சியிலும் சேரவோ எதற்கும் ஆதரவு தெரிவிக்கவோ தடை வந்தது.

கட்சிக்குள் புக முடியாத அத்தலைமுறை வேறு இல்லம் தேடியது. 1971இல் தோன்றிய, 'ஆபிம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசிய இஸ்லாமிய இளைஞர் இயக்கமே அவ்வில்லம். அதன் தலைவர் அன்வர் இப்ராஹீம் 1974 போராட்டத்தை ஒட்டி விசாரணையின்றிச் சுமார் 20 மாதங்கள் சிறைவைக்கப்பட்டார். ஆளுங்கட்சியின் அணியாகவும் இராமல், எதிர்க்கட்சியின் கிளையாகவும் இராமல், இரண்டையும் கேள்வி கேட்கும் நிலையில் ஆபிம் இருந்தது. இளைஞரின் வகீலாக அது பெற்ற நம்பகத்தின் ஊற்று அந்த இடைவெளியே.

1982: நான்கே வாரங்கள்

1981 ஜூலையில் மகாதீர் முகம்மது பிரதமரானார். முந்தைய பொதுத்தேர்தல் 1978 ஜூலையில் நடந்திருந்ததால் 1983 வரை அவகாசம் இருந்தது. அவரோ காத்திருக்கவில்லை. 1982 ஏப்ரல் 22 அன்று தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. அதையொட்டி, மார்ச் மாத இறுதியில், அன்வர் அம்னோவில் சேர்ந்த செய்தியும் வெளியானது. தலைவரின் முடிவு ஆபிம் உறுப்பினர் பலருக்கு இடியாக இறங்கியது. பத்தாண்டு காலம் கட்டிக்காத்த நடுநிலை நான்கு வாரத் தேர்தல் களத்தில் கரைந்தது.

அன்வருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி பெர்மாத்தாங் பாவ். நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் முன்னோர் கப்பலேறிச் சென்ற பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பகுதி அது. அங்கு 1978இல் வென்றிருந்தது, மலேசிய இஸ்லாமியக் கட்சியாகிய பாஸ். அதனிடமிருந்து தொகுதியை அன்வர் கைப்பற்றினார். ஆளும் கூட்டணி 154 இடங்களில் 132ஐ வென்றது. பாஸ் கட்சிக்கு 5 மட்டுமே கிடைத்தன. அதே ஆண்டில் அம்னோ இளைஞர் அணித் தலைவர் பதவிக்கு, அதை வகித்துவந்த சுஹைமி கமாருத்தீனை எதிர்த்துப் போட்டியிட்டுப் பத்தே வாக்கு வித்தியாசத்தில் அன்வர் வென்றார். அப்போது அவருக்கு வயது 35. கட்சியில் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவுறவில்லை.

இதே தலைமுறையின் மற்றொரு பிரிவினர் எதிர்த்திசையில் நடந்தனர். ஆபிமில் அன்வரின் தோழர்களாயிருந்த ஃபாட்சில் நூர், அப்துல் ஹாதி அவாங் ஆகியோர் ஏற்கெனவே பாஸ் கட்சிக்குச் சென்றிருந்தனர். 1982 தேர்தல் முடிவு அக்கட்சியின் இளையவர்களைக் கொதிக்கவைத்தது. அதே ஆண்டு அக்டோபர் மாநாட்டில் நீண்டகாலத் தலைவர் அஸ்ரி மூடா விலக நேர்ந்தது. யூசுஃப் ராவா பொறுப்பேற்றார். பின்னர் ஃபாட்சில் நூரும், அவருக்குப்பின் 2002இல் ஹாதி அவாங்கும் அக்கட்சியின் தலைவர்களாயினர்.

ஒரே இல்லத்தில் வளர்ந்தோரில் ஒரு சாரார் அழைக்கப்பட்டு ஆளுங்கட்சியினுள் நுழைந்தனர். மறுசாரார் தம் கட்சியின் தலைமையையே மாற்றி அமைத்தனர். இரு சாராருமே இளைஞரின் பேரால்தான் பேசினர்.

உள்ளே சென்றவரின் கணக்கு

அன்வரின் முடிவைப் பதவி ஆசை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நேர்மையாகாது. உள்ளிருந்து மாற்றுவதே பயனுள்ள வழி என்பது அவர் தரப்பின் வாதம். அதற்குச் சான்றுகளும் உண்டு. 1983இல் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் கோலாலம்பூர் வட்டாரத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நாட்டின் முதல் இஸ்லாமிய வங்கி செயல்படத் தொடங்கியது. ஆபிம் தலைமுறை கனவு கண்ட நிறுவனங்கள் அரசின் கையால் எழுந்தன.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 1985 நவம்பர் 19 அன்று கெடாவின் மெமாலி கிராமத்தில், பாஸ் ஆதரவாளரான இப்ராஹீம் மஹ்மூதைக் கைது செய்யக் காவல்துறை முனைந்தபோது, அவர் உட்படக் கிராமத்தினர் 14 பேரும் காவலர் நால்வரும் உயிரிழந்தனர். கெடாவின் ஏழை விவசாயிகளுக்காக 1974இல் குரல் எழுப்பிச் சிறை சென்றவர் அப்போது அமைச்சரவையில் இருந்தார். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு அதன் உறுப்பினர் ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்துவது. மாணவரைக் கட்சிகளிலிருந்து தள்ளிவைத்த 1975ஆம் ஆண்டுத் தடையும், முன்னாள் மாணவத் தலைவர் துணைப் பிரதமராக உயர்ந்த 1990களிலும் நீங்கவில்லை.

வகீல் திசை திரும்பும் இடம் இதுவே. இளைஞரின் சார்பில் கட்சியிடம் பேசச் சென்றவர், காலப்போக்கில் கட்சியின் சார்பில் இளைஞரிடம் பேசுபவராகிறார். தனிமனிதரின் குணக்கேட்டால் மட்டும் இது நேர்வதன்று. நியமனத்தின் அமைப்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. திடீர்த் தேர்தலின் அவசரத்தில் அவருக்கு இடம் அளித்தவர் தலைவர். இளைஞர் கூடிக் கலந்து அவரை அனுப்பவில்லை. அவர் எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்று வரையறுக்கும் ஷூராவுக்கு நேரமே இருக்கவில்லை. வரையறை இல்லாத வகாலத்தில், வகீல் எல்லை மீறினாரா என்று கேட்பதற்குக்கூட நியமித்தவர்க்கு வழி இல்லாமற் போகிறது.

நீதிமன்றம் திறந்த கதவுகள்

அடைபட்ட கதவுகளைப் பிற்காலத்தில் திறந்தவர்கள் அடுத்த தலைமுறை மாணவர்களே. 2010 ஏப்ரலில் ஹுலு சிலாங்கூர் இடைத்தேர்தல் களத்தில் இருந்தமைக்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாயினர். அவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். மாணவர்மீதான அத்தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர் கட்சிகளில் சேரும் உரிமை பெற்றனர்.

அடுத்தது வாக்குரிமை. மாணவர்கள் தொடங்கிய 'உண்டி 18' இயக்கத்தின் கோரிக்கையை ஏற்று, வாக்குரிமை வயதை 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2019 ஜூலை 16இல் மக்களவை நிறைவேற்றியது. அவையில் இருந்த 211 உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி ஆதரித்தனர். வேட்பாளராகும் வயதும் 18 ஆயிற்று. வாக்காளர் பதிவு தானாக நடைபெறவும் வழி செய்யப்பட்டது. ஆனால் 2021இல், 2022 செப்டம்பருக்குமுன் இதைச் செயற்படுத்த இயலாது என்றனர் அதிகாரிகள். மீண்டும் இளைஞர் நீதிமன்றம் ஏறினர். 2021 செப்டம்பர் 3இல் கூச்சிங் உயர் நீதிமன்றம், அவ்வாண்டு முடியுமுன் செயற்படுத்துமாறு ஆணையிட்டது. டிசம்பர் 15 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

2022: நாற்பது ஆண்டுகளுக்குப் பின்

2022 அக்டோபர் 10இல், பதவிக்காலம் எஞ்சியிருக்கவே, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. நவம்பர் 19இல் வாக்குப்பதிவு. 2018இல் சுமார் 1.49 கோடியாக இருந்த வாக்காளர் பட்டியல் சுமார் 2.12 கோடியாகப் பெருகியிருந்தது. அவர்களுள் 18 முதல் 20 வயதுக்குட்பட்டோர் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம். கட்சிகள் யாவும் இளைஞரின் பெயரை உச்சரித்தன. எனினும் நாற்பது நாளில் வேட்பாளர் தெரிவு, கூட்டணிப் பேச்சு, பரப்புரை அனைத்தும் முடிய வேண்டியிருந்தது. இளைஞருக்கென்றே 2020இல் தோன்றிய மூடா கட்சி, மூவார் என்னும் ஒரே தொகுதியில் மட்டும் வென்றது.

எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 222 இடங்களில் முன்னணியில் வந்த கூட்டணிக்கு 82 இடங்கள். தனிக்கட்சிகளுள் மிகப் பெரியதாக எழுந்தது பாஸ். புதிய மலாய் வாக்காளர் பலர் அது இடம்பெற்ற அணியின் பக்கம் சாய்ந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. பெர்மாத்தாங் பாவ் தொகுதியில், நாற்பது ஆண்டுகளாக அன்வர் குடும்பத்தாரிடம் இருந்த இடத்தை அவர் மகள் நூருல் இஸ்ஸா இழந்தார். வென்றவர் பாஸ் கட்சியினர். 1982இல் இளைஞரின் தலைவர் எந்தக் கட்சியிடமிருந்து அத்தொகுதியைப் பெற்றாரோ, அதே கட்சியிடம் அது திரும்பிச் சென்றது. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 24இல், அன்வர் தம் 75ஆம் வயதில் பிரதமராகப் பதவியேற்றார்.

இதில் விதியின் விளையாட்டைக் காண்போர் காணட்டும்; நாம் காண்பது வகாலத்தின் முறிவை. தம் சார்பில் பேசப் போனவர்கள் தம்மிடம் திரும்பி வந்து கேட்காதபோது, நியமித்தவர்கள் வகீலை மாற்றும் தம் உரிமையைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் தேர்ந்த புதிய வகீலும் இதே சோதனைக்கு உட்பட்டவர்தாம்.

தேர்தல் மணி அடித்தபின் இளைஞரைத் தேடும் கட்சிக்கு அவர்களின் கால்களும் குரல்வளையும் கிடைக்கலாம், நம்பிக்கை கிடைக்காது. பிரதிநிதியை யார் தேர்வது, அவர் எதை வலியுறுத்த வேண்டும், யாரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பன அமைதிக் காலத்திலேயே எழுதி வைக்கப்பட வேண்டியவை. உஸாமாவின் நியமனம் நெருக்கடிக்கு முன்பே செய்யப்பட்டிருந்தது. நெருக்கடி வந்தபோது அபூபக்கர் (ரலி) செய்ததெல்லாம் அதைத் திரும்பப் பெறாமல் காத்ததே. நம் ஜமாஅத்துகளும் சங்கங்களும் கட்சிகளும் தத்தம் இளைஞர் அணிகளின் விதிமுறை ஏட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். மூத்தவர் ஒருவர் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய இடம் அதில் ஒன்றேனும் உண்டா? இல்லையெனில், அங்கே இளைஞர் இருக்கிறார்கள். அவர்களின் வகீல் இல்லை.