தேயிலை விஞ்ஞானம் கற்றோருக்குத் தேயிலை மலையில் இடமுண்டா?

பட்டம் பெற்றவர்கள் தொழில் தேடி அலைவது எமது நாட்டில் புதிய செய்தியல்ல. ஆயினும் ஒரே ஒரு பயிரைப் பற்றிய விஞ்ஞானத்தைக் கற்றுவிட்டு, அப்பயிர் விளையும் மண்ணிலேயே வேலைக்குக் காத்திருப்போரின் நிலை தனியாக நோக்கப்பட வேண்டியதாகும்.

2005 ஆம் ஆண்டு பதுளையில் ஆரம்பிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைத் தனியொரு பட்டப்படிப்பாக்கியது. பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களின் விவசாய பீடங்களும் பெருந்தோட்டப் பயிர்களைக் கற்பிக்கின்றன. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைத் தோட்டங்களிலிருந்து உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து செல்லும் பிள்ளைகளுக்கு இது பெற்றோரின் உழைப்போடு ஒட்டிய கல்வி. கற்று முடித்தபின் செல்லக்கூடிய வாயில்கள் எவை என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

முதலில் நினைவுக்கு வருவது தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். 1925 இல் நிறுவப்பட்ட இதன் தலைமையகம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ளது. இரத்தினபுரி, பசறை, ஹந்தானை ஆகிய இடங்களிலும் நிலையங்கள் உண்டு. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது செம்பு கலந்த பூசணக்கொல்லிகளால் அதனைக் கட்டுப்படுத்த வழிகாட்டியது விஞ்ஞானமே. எனினும் ஆராய்ச்சி உத்தியோகத்தர் பதவிகள் சிலவே. உயர் வகுப்புச் சித்தியும் பின்னர் முதுமாணிப் பட்டமும் இன்றி அங்கு முன்னேறுவது கடினம்.

இரண்டாவது வாயில் தோட்ட நிர்வாகம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, துரைமார் பதவிக்குப் பட்டம் ஒரு தகுதியாகக் கருதப்படவில்லை. கற்ற பாடசாலை, ஆங்கிலப் பேச்சு, விளையாட்டு, குடும்பப் பின்னணி என்பனவே நோக்கப்பட்டன. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்ற பின்னரும் அந்த மரபின் நிழல் முற்றாக விலகவில்லை. லயத்தில் பிறந்த பிள்ளை சின்னத்துரையாக அதே மலைக்குத் திரும்புவதை மனத்தடையின்றி ஏற்கும் நிலை இன்னும் முழுமையாக உருவாகவில்லை. அன்று வெள்ளைத் துரைமார் வேலை வாங்குவதற்காகவே தமிழ் கற்றனர்; அதற்கெனப் பாடநூல்களும் எழுதப்பட்டன. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பட்டதாரிக்கு அது ஏன் ஒரு தகுதியாகக் கொள்ளப்படக் கூடாது? இத்துறையை நாடுவோர் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகத்தின் பயிற்சிகளையும் பெற்றுக்கொள்வது நன்று.

மூன்றாவது வாயிலை எம்மவர் பலர் கவனிப்பதில்லை. நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டது இன்று சிற்றுடைமையாளரிடமிருந்தே கிடைக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய தாழ்நிலப் பகுதிகளில் வாழும் சிங்களக் கிராமத்தவர்கள். அவர்களுக்கு ஆலோசனை வழங்கும் சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபையிலோ, கொழுந்து வாங்கும் தனியார் தொழிற்சாலைகளிலோ பணியாற்றச் சிங்கள அறிவு இன்றியமையாதது. மலையகத்தின் தேயிலை விஞ்ஞானப் பட்டதாரி மும்மொழியும் கற்றால் அவரது தொழிற்களம் பன்மடங்கு விரியும்.

நான்காவது, கொழும்பு. 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தைச் சூழத் தரகு நிறுவனங்கள், சுவை பார்ப்போர், கலவை தயாரிப்போர், ஏற்றுமதிக் கம்பனிகள் என ஒரு தனி உலகமே இயங்குகிறது. வாடவிடல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல் ஆகிய படிகளில் நேர்ந்த குறையைக் கோப்பையிலேயே கண்டுகொள்ளும் நாவுக்கு விஞ்ஞான அறிவும் துணையானால் மதிப்பு மிகும். ஈராக், துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம் முதலியன எமது தேயிலையின் முக்கிய சந்தைகள் என்பதால், அரபு மொழியறிந்த முஸ்லிம் பட்டதாரிகளுக்கு ஏற்றுமதித் துறை பொருத்தமானதொரு களமாகும்.

விஞ்ஞானம் தோட்டத்துக்கு அலங்காரமன்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் பாதிப்புத் தொடர்ந்தது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. பொருளாதார நெருக்கடியும் அதில் பங்கு வகித்ததாயினும், மண்ணையும் பயிரூட்டத்தையும் அறிந்தோரின் சொல்லைக் கேளாமையின் விலையை நாடு செலுத்தியது. கொழுந்து குறைந்தபோது அதன் சுமை முதலில் இறங்கியது கூடை சுமக்கும் தோள்களில்தான்.

இத்துணை தேவை இருந்தும், தேயிலை கற்றோர் பலர் ஆசிரியர் நியமனத்தையோ பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவியையோ எதிர்பார்த்துக் காலங்கழிக்கின்றனர். அப்பதவிகள் இழிவானவையல்ல, ஆனால் நான்கு ஆண்டு சிறப்புக் கல்வி கோப்புகளுக்கிடையே புதைந்துபோவது யாருக்கும் இலாபமன்று. பெருந்தோட்டக் கம்பனிகள் மண், பயிர்ப் பாதுகாப்பு, தொழிற்சாலைத் தரம் ஆகியவற்றுக்குப் பட்டதாரிகளை நியமிக்க முன்வர வேண்டும். பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டுப் பயிற்சியைத் தோட்டங்களோடு இணைக்க வேண்டும். மலையக அரசியல் தலைமைகள் நாட்சம்பளத்தைப் பேசும் மேசையிலேயே இதனையும் பேச வேண்டும்.

கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த தாய்க்கு, அந்தப் படிப்பு அதே மலையில் மதிக்கப்படுவதைக் காணும் உரிமையுண்டு. அதனை உறுதிப்படுத்துவது சலுகையன்று, கடமையாகும்.