சார், எனக்கு சென்சஸ் டூட்டி!



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் போன் செய்தான். (பையன் என்கிறேன், அவனுக்கே காதோரம் நரை.) அவனும் இப்போது ஆசிரியர். "சார், சென்சஸ் டூட்டி வருதாம். நீங்க மூணு தடவை பார்த்தவராச்சே, என்ன பண்ணணும் சொல்லுங்க" என்றான். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளித் தள்ளி 2027-க்கு வந்து நிற்கிறது. போனில் அவனிடம் சொன்னது போதவில்லை என்று தோன்றியதால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் ஊர்க் கணக்கு. 1901-ல் கடலூரில் 52,216 பேர், சிதம்பரத்தில் 19,909 பேர். 2011-ல் கடலூர் 1,73,636, சிதம்பரம் 62,153. 110 வருஷத்தில் இரண்டு ஊரும் மூன்று மடங்குக்குச் சற்று மேலே வளர்ந்திருக்கின்றன. இதே காலத்தில் நாடு ஐந்து மடங்கு ஆகிவிட்டது. 1870-களிலேயே ரயில் வந்த ஊர்கள் ஏன் பின்தங்கின? ஒரு காரணம் எல்லைக்கோடு. 1929-ல் பல்கலைக்கழகம் வந்ததும் பக்கத்தில் ஊரே எழுந்தது, ஆனால் அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி, அதன் தலைகள் சிதம்பரம் நகராட்சிக் கணக்கில் வராது. இன்னொன்று நெய்வேலி. 1956-க்குப் பிறகு வேலை தேடியவர்களை அது இழுத்துக்கொண்டது. அங்கேயும் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். 2001-க்கும் 2011-க்கும் இடையில் டவுன்ஷிப்பின் மக்கள்தொகை குறைந்தே போனது.

அடுத்து வீடு. 2010 ஜூன், ஜூலையில் வீட்டுப் பட்டியல் எடுத்தோம். கூரை எது? கீற்றா, ஓடா, கான்கிரீட்டா? நான் மேற்பார்வையாளர். கடற்கரைப் பக்கம் கீற்று, கீற்று என்று எழுதிக்கொண்டே போனோம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். நாங்கள் எழுதிய கூரைகள் எத்தனையோ காற்றோடு போயின. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்த வீட்டுக் கணக்கு அச்சாகி வெளிவந்தது 2012 மார்ச்சில்! அதில் இருந்த குடிசைகள் பல அப்போது தார்ப்பாய்க்குக் கீழே இருந்தன.

இனி நான் செய்த தவறு. 1991 பிப்ரவரி, புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன், "அம்மா என்ன வேலை பாக்கறாங்க?" அவர் சொன்னார், "அது சும்மாதான் சார் இருக்கு." அந்த அம்மா அப்போதுதான் களத்திலிருந்து வந்து நின்றார். தலையெல்லாம் நெல் தூசி, இடுப்பில் கருக்கரிவாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டு "வீட்டு வேலை" என்றே எழுதினேன். பொழுது சாய்வதற்குள் இன்னும் பத்து வீடு முடிக்க வேண்டும் என்ற அவசரம். சொந்த வயலில் கூலியில்லாமல் உழைப்பதும் வேலைதான் என்று அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருந்தார்கள். 183 நாளுக்குக் குறைந்தால் அதற்கும் தனி வகை இருந்தது. ஆக, எனக்குச் சாக்கு கிடையாது.

போக்குவரத்துக் கேள்வியிலும் இதே கதைதான். வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று 2011-ல் கேட்டோம். விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் அந்தக் கேள்வி இல்லை. விடியற்காலையில் குட்டியானை வண்டியில் நெருக்கியடித்து நின்றபடி நடவுக்குப் போகும் பெண்களை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அவர்கள் எந்தப் பயணப் பட்டியலிலும் இல்லை.

கடைசியாக ஒன்று. 2011-ல் நம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 896. 2001-ல் இதுவே 957. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம் நமக்கு. பெயர் கெட்டுப்போயிருந்த சேலம்கூட அந்தப் பத்து வருஷத்தில் ஏறியது. நாம் இறங்கினோம். சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அதன் பிறகுதான் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். தொட்டில் வந்து என்ன, ஸ்கேனில் பார்த்துக் கலைத்த குழந்தை அதில் எப்படி வரும்?

எனக்கு இதில் உறுத்துவது வேறு. அந்த வருஷங்களில் என் ஒன்றாம் வகுப்பில் ஆணும் பெண்ணும் சரிசமம். பதிவேட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் பையனை வேன் வைத்து இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புவார்கள், பெண்ணை அரசுப் பள்ளியில் விடுவார்கள். அப்படியானால் என் வகுப்பில் பெண் பிள்ளைகள் கூடுதலாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? தினம் காலையில் பெயர் கூப்பிட்ட எனக்கு அது உறைக்கவில்லை. செய்தித்தாளில் 896 என்று படித்த அன்றுதான் உறைத்தது.

போன் செய்த பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: வேலை பற்றிய கேள்வியைத் திண்ணையில் இருப்பவரிடம் கேட்காதே. அந்த அம்மாவைக் கூப்பிட்டு, உட்கார வைத்துக் கேள். வருஷத்தில் எத்தனை நாள் நடவு, எத்தனை நாள் களை, எத்தனை நாள் உளுந்து பறிப்பு என்று அவரே எண்ணிச் சொல்லட்டும். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம் கூட ஆகும். "சார், பொழுது சாஞ்சிடுமே" என்றான். "மறுநாள் போ" என்றேன்.