குற்றம் சாட்ட வந்தவன் அரசனான கதை

பிலேயாம் கழுதைமேல் ஏறிப் புறப்படுகிறான். வழியில் உருவிய வாளோடு ஒரு தேவதூதன் நிற்கிறான். கழுதைக்குத் தெரிகிறது, ஏறி உட்கார்ந்திருக்கும் தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. கழுதை ஒருமுறை வயலுக்குள் ஒதுங்குகிறது. அடுத்த முறை சுவரோரம் நெருங்கி அவன் காலை நசுக்குகிறது. ஒதுங்க இடமே இல்லாத சந்தில் படுத்துவிடுகிறது. மூன்று முறையும் அடி வாங்குகிறது.

எண்ணாகமம் 22ஆம் அதிகாரக் கதை இது. தமிழ் விவிலியத்தில் படிப்பவர் அந்தத் தூதன் 'எதிராளியாக' நின்றதாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுவார். எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'சாத்தான்'. அனுப்பியவர் கடவுள், வந்தவன் அவருடைய தூதன், செய்த வேலை வழிமறிப்பது. எபிரேய வேதத்தில் இந்தச் சொல் முதன்முதலாக ஒரு தேவதூதனுக்கே வழங்குகிறது.

மனிதர்களும் சாத்தான்களாக இருந்திருக்கிறார்கள். போர்முனையில் தாவீது தங்களுக்கே சாத்தானாகிவிடுவானோ என்று பெலிஸ்தர் தலைவர்கள் அஞ்சுகிறார்கள். சாலொமோனுக்கு எதிராகக் கிளம்பிய ஏதோம் நாட்டு ஆதாதும் ஒரு சாத்தான்தான். அங்கெல்லாம் எதிரி, விரோதி என்ற பொருளுக்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கேற்றபடி பொருளைச் சொன்னது சரிதான். ஆனால் அதனால் ஒரு சொல்லின் இளமைக்காலம் தமிழ் வாசகரின் கண்ணில் படாமல் போயிற்று. (ஐயனாருக்குச் சாத்தன் என்றொரு பெயர் உண்டு, மணிமேகலை ஆசிரியரும் சாத்தனார்தான். அந்தச் சாத்தனுக்கும் இந்தச் சாத்தானுக்கும் ஓசை ஒப்புமை தவிர உறவு எதுவும் இல்லை.)

சகரியா நூலிலும் யோபு நூலிலும் காட்சி மேலுலகத்துக்கு மாறுகிறது. பாபிலோனியச் சிறையிருப்பு முடிந்த காலத்தில், கி.மு. 520ஐ ஒட்டி, சகரியா கண்ட தரிசனத்தில் பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு உடையோடு நிற்கிறான். அவனுக்கு வலப்பக்கம் குற்றம் சாட்ட ஒருவன் நிற்கிறான். யோபுவின் கதையில் தேவபுத்திரர் கூடும் சபைக்கு அவனும் வருகிறான், பூமியெங்கும் சுற்றிவிட்டு வந்ததாகச் சொல்கிறான். பாரசீகப் பேரரசின் ஒற்றர்களை, 'அரசனின் கண்' என்று பெயர் பெற்ற அதிகாரிகளை, மனத்தில் வைத்தே இந்தச் சித்திரம் எழுந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. யோபு கூலி கிடைப்பதால்தானே பக்தியாக இருக்கிறான் என்பது அவன் கேள்வி. சோதித்துப் பார்க்க அனுமதி கேட்கிறான். கிடைக்கிறது. எதுவரை போகலாம் என்ற எல்லையும் வகுக்கப்படுகிறது. அதற்கு மேல் அவன் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை.

இந்த இரு நூல்களிலும் அவன் பெயர் 'ஹசாத்தான்'. முன்னால் நிற்கும் 'ஹ' எபிரேயத்தில் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் அடை. ஆள்பெயருக்கு முன் அது வராது. யாரும் 'ஹ-தாவீது' என்று எழுதுவதில்லை. ஆகவே இது பதவிப் பெயர். ஊரில் 'மணியக்காரர் வந்தார்' என்றால் ஆளின் பெயர் தெரியாமலே யார் என்று விளங்கும் அல்லவா, அப்படி. விண்ணுலக நீதிமன்றத்தின் அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்று அவனைச் சொல்லலாம். யாருக்கும் பிடிக்காத வேலை. ஆனாலும் அரண்மனைச் சம்பளம்.

அந்தப் பதவிப் பெயர் ஆள்பெயராகச் சாயத் தொடங்கியதற்குத் தடயம் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. தாவீது தன் குடிகளை எண்ணச் சொல்கிறான். தண்டனையாக வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் சாகிறார்கள். இதே கதையை இரண்டு நூல்கள் சொல்கின்றன. பழையதான இரண்டாம் சாமுவேலில் தாவீதைத் தூண்டியவர் சினம் கொண்ட கடவுள். பிற்காலத்தில் எழுந்த முதலாம் நாளாகமத்தில் தூண்டியது சாத்தான், அதுவும் 'ஹ' இல்லாமல். அங்கே அது பெயரா, 'ஓர் எதிரி' என்பது மட்டுமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும், கடவுளைத் தூண்டியவராகக் காட்ட நாளாகம ஆசிரியருக்குக் கை கூசியிருக்கிறது. அவர் அழித்த இடத்தில் வேறொருவர் பெயர் ஏறியது.

கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்ததிலிருந்து யூதர்கள் பாரசீக ஆட்சியில் இரு நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். ஒளியின் அகுரமஸ்தாவும் இருளின் அங்ரமைன்யுவும் மோதும் சரதுஷ்டிர சமயத்திலிருந்துதான் சாத்தான் வந்தான் என்று சொல்லிவிடுவது சுலபம். அத்தனை நேர்க்கோட்டில் அது நடக்கவில்லை. பாரசீகர் வந்த அதே காலத்தில், கோரேசை விளித்துப் பேசும் ஏசாயா 45ஆம் அதிகாரம் ஒளியையும் இருளையும் படைத்தவர் ஒரே கடவுள்தான் என்று அடித்துச் சொல்கிறது. தீமைக்குத் தனித் தலைவன் தேவைப்பட்டது அதற்கும் பின்னால்தான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் உருவான ஏனோக்கு நூல் பகுதியில் 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி, மனிதப் பெண்களை மணந்து, ஆயுதம் செய்யவும் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டின் யூபிலி நூலில் மஸ்தேமா என்ற தலைவன், கெட்ட ஆவிகளில் சிலவற்றையாவது தன்னிடம் விட்டுவைக்கும்படி கடவுளிடம் கெஞ்சி, பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறான். ஆபிரகாம் மகனைப் பலியிடும் சோதனையை முன்மொழிந்ததும் இவனே. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் அவன் பெயர் பெலியால். ஒளியின் மக்களும் இருளின் மக்களும் போருக்கே அணிவகுத்து நிற்கிறார்கள். எருசலேம் ஆலயத்தார் வழிதவறிவிட்டார்கள் என்று நம்பிப் பிரிந்து போனவர்களின் நூல்கள் இவை. எதிரி சொந்த வீட்டிலேயே இருந்தான்.

இயேசுவின் சீடர்கள் பிறந்து வளர்ந்தது இந்தச் சூழலில். நற்செய்திகளில் சாத்தான் 'இந்த உலகத்தின் அதிபதி'. அவனுக்கென்று ஓர் அரசே இருக்கிறது. ஆனால் பழைய உத்தியோகத்தின் வாசனை முழுதாகப் போகவில்லை. லூக்கா 22இல், சீடர்களைக் கோதுமைபோல் புடைத்துப் பார்க்க அவன் அனுமதி கேட்டதாகப் பேதுருவிடம் இயேசு சொல்கிறார். யோபுவின் காலத்து மனு அப்படியே இருக்கிறது. வெளிப்படுத்தல் நூலின் 12ஆம் அதிகாரம் வலுசர்ப்பம், பழைய பாம்பு, பிசாசு, சாத்தான் எல்லாம் ஒருவனே என்று முடிச்சுப் போடுகிறது. அடுத்த வரியிலேயே, இரவும் பகலும் கடவுள் முன் குற்றம் சாட்டியவன் என்றும் அவனை அடையாளம் காட்டுகிறது. வழக்கறிஞர் அங்கி இன்னும் உள்ளே தெரிகிறது. ஏதேனில் ஏவாளிடம் பேசிய பாம்பைச் சாத்தான் என்று ஆதியாகமம் எங்கும் சொல்லவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

அமெரிக்க ஆய்வாளர் எலேன் பேகல்ஸ், 1995இல் வெளிவந்த நூலில், நற்செய்திகளில் சாத்தானின் பிள்ளைகள் என்ற பழி பெரும்பாலும் உரோமர்மீது விழாமல் சக யூதர்மீது விழுவதைச் சுட்டிக்காட்டினார். ஒரு குடும்பச் சண்டையில் பிறந்த சொல், அந்தக் குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்கள் கைக்குப் போனதும் என்ன ஆயிற்று என்பதற்கு, யூதர்களுக்குக் கொம்பு வைத்து வரைந்த இடைக்கால ஐரோப்பா சாட்சி.

லூசிபர் என்ற பெயரின் கதை இன்னும் வேடிக்கையானது. ஏசாயா 14 பாபிலோன் அரசனைக் கேலி செய்து, வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி என்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதற்கு 'லூசிபர்', அதாவது ஒளி தாங்கி, என்று போட்டார். பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் விசுவாசிகளின் உள்ளத்தில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் இலத்தீன் விவிலியத்தில் அதே சொல்தான். அந்த நூற்றாண்டில் சார்தீனியாவின் காலியரி நகர ஆயர் பெயரே லூசிபர். அந்தத் தீவில் அவரைப் புனிதராகவும் போற்றினார்கள். ஒரிகன் முதலான திருச்சபைத் தந்தையர் ஏசாயாவின் வரிகளைச் சாத்தானாக மாறிய தூதன் ஒருவனின் வீழ்ச்சியாகப் படித்தார்கள். அந்த வாசிப்பே நிலைபெற்றது. சாத்தானுக்கு எவ்வளவு உரிமை கொடுப்பது என்பதில் இறையியலாளர்கள் பல நூற்றாண்டுகள் தடுமாறினார்கள். நீசாவின் கிரகோரி, இயேசுவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்த தெய்வத்தன்மை தூண்டில், கவ்வியவன் மாட்டிக்கொண்டான் என்று விளக்கினார். அப்படியானால் மனிதர்மேல் பிசாசுக்கு ஏதோ பாத்தியதை இருந்ததாகிறதே என்று பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் அதைத் தள்ளிவிட்டார். 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், பிசாசும் நல்லவனாகவே படைக்கப்பட்டான், தானாகக் கெட்டான் என்று வரையறுத்தது.

யூத ரபிகள் வேறு பக்கம் போனார்கள். அவர்கள் அவனுக்கு அரசு கொடுக்கவில்லை. சாத்தான், மனிதனுக்குள் இருக்கும் தீய நாட்டம், மரண தூதன் மூன்றும் ஒன்றே என்றார் ரேஷ் லாக்கிஷ். ரபிகளின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் யோமா பகுதி ஒரு கணக்குப் போடுகிறது: எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு; 'ஹசாத்தான்' என்பதில் ஹே 5, ஷின் 300, தேத் 9, நூன் 50, கூட்டினால் 364. ஆண்டில் 364 நாள் அவன் குற்றம் சாட்டலாம். பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் அவனுக்கு விடுப்பு. பாபா பாத்ரா பகுதியில் லேவி என்பவர், யோபுவைச் சாத்தான் சீண்டியதும் நல்லெண்ணத்தில்தான், ஆபிரகாமின் பெருமை மறந்துபோய்விடக் கூடாதே என்ற கவலை அவனுக்கு என்கிறார். பப்புனியா ஊரில் ராவ் அகா இதைப் பிரசங்கித்தபோது சாத்தானே வந்து அவர் பாதங்களை முத்தமிட்டதாகத் தல்மூது சேர்த்துச் சொல்கிறது. தன் தரப்பைப் பேச ஒருவர் கிடைத்தாரே என்ற நன்றி!

ஆறாம் நூற்றாண்டுக் கலையிலும் அவனுக்கு இன்னும் கொம்பு முளைக்கவில்லை. இத்தாலியின் இராவென்னா நகரில் சாந்த் அப்போலினாரே நுவோவோ ஆலயத்தின் மொசைக் ஒன்றில் இயேசு நடுவில் அமர்ந்திருக்கிறார். ஒரு பக்கம் செம்மறியாடுகள், அருகில் சிவப்புத் தூதன். மறுபக்கம் வெள்ளாடுகள், அருகில் நீலத் தூதன். இருவருக்கும் ஒளிவட்டம் உண்டு, இருவரும் அழகர்கள். அந்த நீலத் தூதனே சாத்தானின் மிகப் பழைய ஓவியமாக இருக்கலாம் என்பது சிலரின் கருத்து. அதைப் பார்த்த பிறகு, கொம்பும் வாலும் வௌவால் சிறகும் பிற்கால ஒப்பனை என்பது கண்ணுக்கே தெரிகிறது.

சடங்கிலும் அவனுக்கு இடம் இருந்தது. நான்காம் நூற்றாண்டு எருசலேமில் திருமுழுக்குப் பெற வந்தவர்கள் முதலில் இருளின் திசையான மேற்கே திரும்பி, கையை நீட்டி, எதிரில் நிற்பவனிடம் பேசுவதுபோலச் சாத்தானை விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். பிறகே கிழக்கே திரும்பினார்கள். எருசலேம் ஆயர் சிரிலின் போதனைகளாக வழங்கும் உரைகள் இதை விவரிக்கின்றன. கத்தோலிக்கத் திருமுழுக்கில் அந்தக் கேள்வி இன்றும் உண்டு. 2014இல் இங்கிலாந்துத் திருச்சபை எளிய மொழியில் முன்வைத்த மாற்றுப் பாடத்தில் பிசாசின் பெயர் இடம்பெறவில்லை. பழைய பாடத்தையும் நீக்கவில்லை, எது வேண்டுமோ அதைச் சொல்லலாம். மாலை வழிபாட்டில் யூதர்களோ, முன்னாலும் பின்னாலும் நிற்கும் சாத்தானை அகற்றும்படி கடவுளிடமே மனுப் போடுகிறார்கள்.