டோனாவூரின் பொதுவாழ்வுச் சகோதரிகள்

கத்தோலிக்கத் திருச்சபையின் கன்னியர் மடங்கள் பலவற்றில் நெடுங்காலமாக இருவகைச் சகோதரிகள் இருந்தனர். ஒரு வகையினர் ஆலயத்தில் இலத்தீன் மொழியில் நேரச் செபங்களைப் பாடினர்; மற்ற வகையினர் சமையலும் சலவையும் செய்தனர். பானை சட்டிகளின் நடுவிலும் ஆண்டவர் உலாவுகிறார் என்று அவிலா தெரேசா அம்மையார் (1515–1582) தம் சகோதரிகளுக்குப் போதித்திருந்தும், இவ்வேற்றுமை நீடித்தது. பெண் துறவியர் இல்லங்களில் ஒரே வகுப்பு இருப்பதே தக்கது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவுறுத்திய பின்னரே அது பெரும்பாலும் மறைந்தது.

நாமோ மடத்தையே விட்டு வந்தவர்கள். குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு அலசும் தகப்பனைக் கண்டு தேவன் மகிழ்கிறார் என்று லூத்தர் 1522இல் எழுதினார். எனினும், இப்போதனை நம்மிடையே எந்த அளவுக்குக் கைக்கொள்ளப்பட்டது? திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றில் இக்கேள்வி ஒருமுறை கூர்மையாக எழுந்தது.

அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் (1867–1951) 1895இல் இந்தியாவுக்கு வந்தார். பின்னர்த் தாமிரபரணிப் பாசனப் பகுதியிலுள்ள பண்ணைவிளையில் தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு கிராமந்தோறும் சுவிசேஷம் அறிவித்தார். அக்குழுவில் சேர்ந்தவரே பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. 1901இல், கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி இவர்களிடம் அடைக்கலம் புகுந்தாள். அவ்வாண்டிலேயே குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூரில் குடியேறினர். தொடர்ந்து பல பெண்பிள்ளைகளும், பின்னர்க் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தனர்.

குழந்தைகள் வந்ததும் வேலையின் தன்மையே மாறிற்று. சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டவர்கள் தாதிகளாகி நின்றுவிடலாமா என்ற ஐயம் ஏமி அம்மையாருக்கே எழுந்தது. சீஷருடைய கால்களைக் கழுவிய ஆண்டவரின் செயலில் அவர் விடை கண்டார். ஆயினும், அவருக்கு அது ஒரு தியானம். அக்காலத் தமிழ்ப் பெண்ணுக்கோ அது மானப்பிரச்சினை. பிறர் குழந்தையின் மலந்துடைப்பதும் தரையைத் தேய்த்துக் கழுவுவதும் கீழ்ச்சாதியார்க்குரிய வேலை என்று கிறிஸ்தவக் குடும்பங்களும் எண்ணின. நெய்யூர் இலண்டன் மிஷன் மருத்துவமனையின் அருகில் அமைந்த குழந்தைகள் இல்லத்தை நடத்திய பொன்னம்மாள், இதைப் பற்றி வாதாடவில்லை. அவ்வேலையைத் தாமே செய்தார். அதைக் கண்டு மற்றவர்களும் செய்யலாயினர். புற்றுநோயால் அவர் 1915இல் காலமானார்.

அடுத்த ஆண்டில், 1916இல், டோனாவூர் இளம்பெண்கள் எழுவரைக் கொண்டு ‘பொதுவாழ்வுச் சகோதரிகள்’ என்னும் ஐக்கியம் உருவாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் கெர்ஹார்டு குரூட் தொடங்கிய பொதுவாழ்வு இயக்கத்தின் பெயரையே இது ஏற்றது. அங்குப் போலவே இங்கும் நிரந்தரப் பொருத்தனை இல்லை; மணம் செய்ய விரும்புவோர் தடையின்றி விலகலாம். ஜெபம் பரிசுத்தமானது, துணி துவைத்தல் உலகியல் சார்ந்தது என்னும் பிரிவினையை ஏற்பதில்லை என்பதே அவர்களுடைய அடிப்படைக் கொள்கை.

இவ்வரலாற்றை மிகைப்படுத்தல் தகாது. ஐக்கியத்தின் வழிகாட்டுதல் மேனாட்டுப் பெண்மணி ஒருவரின் உறுதியான கரத்தில் இருந்தது. பொன்னம்மாளின் வாழ்க்கையையும் ஏமி அம்மையார் எழுதிய நூலின் வழியாகவே பெரும்பாலும் அறிகிறோம். ஆயினும், கொள்கை வகுக்கப்படுமுன்பே, அதை நடைமுறையில் நிலைநாட்டியவர் ஒரு தமிழ் விதவை என்பதை மறுக்க இயலாது. மடமும் சீர்திருத்தமும் சறுக்கிய இடத்தில் அவர் கால் ஊன்றி நின்றார்.

‘ஊழியம்’ என்ற சொல்லை நாம் இன்று மதிப்போடு வழங்குகிறோம். நெய்யூர் அடங்கியிருந்த திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதியாரிடமிருந்து அரசு கூலியின்றி வாங்கிய வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். பிரசங்க பீடத்தை ஊழியமெனக் கொண்டு, அடுக்களையை வேறொருவருக்கு விட்டுவிடும்போது, அப்பழைய பொருளில் ஊழியம் செய்கிறவர் யார் என்பதைக் குருத்துவப் பணிக்கு ஆயத்தப்படுவோர் சிந்திக்க வேண்டும்.